ஆனந்தராசா நடந்து காட்டிய மொன்றியல்

மொன்றியலுக்கு யார் விருந்தாளி வந்தாலும் கடைசியில் ஆனந்தராசாவின் வான் வண்டியில்தான் ஏறுவார்கள். பாரிஸிலிருந்து வந்த மச்சான், ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம், சுவிஸிலிருந்து வந்த யாரோ ஒருவருடைய பெறாமக்கள் என்று அந்தச் சாம்பல் நிற வானின் பின்னிருக்கையில் இருந்து ஊர் பார்த்தவர்களைச் சேர்த்தால் ஒரு கலியாண மண்டபம் நிரம்பும். அவர் குடியிருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அதற்குப் பெயரே "ஆனந்தராசா அண்ணையின்ர ரூர்" என்றாகிவிட்டது.

ரூர் என்ற அந்த ஊர்ச்சுற்றுலா எப்போதும் ஒரே ஒழுங்கில்தான் நடக்கும். முதலில் குன்றின் மேலிருக்கும் சூசையப்பர் கோயில். அடுத்தது மலை. அதற்குப் பிறகு ஒலிம்பிக் மைதானம். கடைசியாகப் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்திலிருக்கும் நோத்ர-டாம் தேவாலயம். ஒவ்வோர் இடத்திலும் வான் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், படம் எடுப்பார்கள், ஏறுவார்கள். ஏறியதும் ஆளுக்கொரு மரக்கறி ரோல்ஸ் கையில் வரும். அரைநாளில் ஊர் முடிந்துவிடும். "மொன்றியலிலை பாக்கிறதுக்கு இவ்வளவுதான்," என்று ஆனந்தராசா சொல்லும்போது, அந்த ஊரைத் தானே கட்டிமுடித்துவிட்டுச் சாவியை ஒப்படைப்பவர் போலிருக்கும்.

இளம் வயதில் இந்த ஊருக்கு வந்தவர். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு நிலக்கீழ் அறையில் நாலு பேரோடு இருந்துகொண்டு, உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். பிறகு யன்னல் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். இன்றைக்கும் அங்கேதான் வேலை. வேலையில் இயந்திரம் கதைக்கும். வீட்டில் மனைவி பாலாம்பிகை கதைப்பாள். வானுக்குள் மட்டும்தான் ஆனந்தராசா கதைப்பார். அங்கே அவர் சொல்வதை எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள், இறங்கி ஓடவும் வழியில்லை. அதனால் ரூர் என்றால் அவருக்கு ஒரு தனி உயிர்.

அப்படிப்பட்ட மனிதருக்கு இந்த ஜூன் மாதம் வந்த விருந்தாளி, எல்லோரையும் போல ஒரு விருந்தாளி அல்ல. மகள் சாம்பவியின் மாமியார்.

சாம்பவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். போன இலையுதிர்காலத்தில் அவள் மணந்த மார்த்தின், ஆர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரத்துப் பெடியன். பாலங்களுக்குக் கணக்குப் பார்க்கும் பொறியியலாளர். அவனுடைய தாய் நோர்மா, கணவனை இழந்தவர், ஒரே பிள்ளைக்காரி. கலியாணத்துக்கு வர முடியாமல் தொலைபேசித் திரையில் பார்த்து அழுதவர், இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறார்.

சனிக்கிழமை பின்னேரம் சாம்பவி தகப்பனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு விசயம். மார்த்தினுக்கு அவன்ரை ஊரிலை வேலை ஒண்டு கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை மறுமொழி சொல்லவேணும்."

ஆனந்தராசா கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைத்தார். "நீ என்ன சொல்லுறாய்?"

"எனக்கு இஞ்சை இருக்கத்தான் விருப்பம். அவனுக்கும் அப்பிடித்தான். ஆனா அம்மா அங்கை தனிய எண்டு நினைச்சு நினைச்சு நித்திரையில்லாமல் திரியிறான். அவ ‘வா’ எண்டு ஒரு சொல்லுச் சொன்னாலும் போயிடுவம்."

"சொல்லிப்போட்டாவோ?"

"இன்னும் இல்லை. ஊரைப் பாத்திட்டுச் சொல்லுறாவாம்."

ஆனந்தராசா நெற்றியைச் சுருக்கினார். புவெனஸ் ஐரிஸ் எங்கேயிருக்கிறது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. பூமிப்பந்தில் மிகவும் கீழே, கையை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஆனால் பிரச்சினை "ஊரைப் பார்ப்பது" என்று வந்துவிட்டபடியால், அடுத்த நிமிடமே முகம் தெளிந்தது.

"ஊரைத்தானே. அதை என்னட்டை விடு."

"நாளைக்குச் சைக்கிள் விழா அப்பா. நானும் மார்த்தினும் ஓடுறம். றோட்டுகள் பூட்டுவாங்கள். மெட்றோவிலை கூட்டிக்கொண்டு போங்கோ."

"நிலத்துக்குக் கீழாலை போனா என்னத்தைப் பாக்கிறது? எனக்குத் தெரியாத றோட்டோ?"

சாம்பவி பெருமூச்சு விட்டாள். பின்னேரம் சூசையப்பர் கோயிலடியில் சந்திப்பது என்று முடிவானது. அதற்காக ஆனந்தராசா ரூரின் ஒழுங்கையே தலைகீழாக மாற்றி, கோயிலைக் கடைசியில் வைத்தார்.

பாலாம்பிகைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சென்-றெஜிஸ் வீதி முருகன் கோயிலில் சமையல் தொண்டு. அதனால் அவள் வரவில்லை. பதிலாக இழுத்துச் செல்லச் சில்லுப் பூட்டிய நீலநிறக் குளிர்ப்பெட்டி ஒன்றை அனுப்பினாள். உள்ளே ரோல்ஸ், கடலை வடை, மாம்பழத் துண்டுகள், இஞ்சி போட்ட தேநீர்ப் போத்தல்.

"இஞ்சருங்கோ, சம்பந்தி பசி கிடக்கக்கூடாது," என்றாள் வானின் யன்னலுக்குள் தலையை விட்டு. "அதோடை அந்த மனிசியையும் கொஞ்சம் கதைக்க விடுங்கோ."

"நான் என்ன, ஆக்களின்ரை வாயைப் பொத்தியே வைச்சிருக்கிறன்?"

"பொத்தத் தேவையில்லை. நீங்கள் உங்கடை வாயைத் திறந்தாலே போதும்."

நோர்மா முன் இருக்கையில் இருந்து, விளங்காமலே இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். மெலிந்த பெண்மணி, கட்டையாக வெட்டிய நரைமுடி, துணிச் சப்பாத்து. அவருக்கும் ஆனந்தராசாவுக்கும் பொதுவான மொழி பிரெஞ்சு ஒன்றுதான். நோர்மாவின் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்தது, ஒவ்வொரு வசனமும் இஸ்திரி போட்டு வரும். ஆனந்தராசாவின் பிரெஞ்சு தொழிற்சாலையில் பொறுக்கியது. "தூக்கு", "கவனம்", "உடைஞ்சுபோச்சு", "நாளைக்குப் பாப்பம்" என்பவை அதில் மிகச் சிறப்பாக இருந்தன. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆளுக்குப் போதும்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நோத்ர-டாம் தேவாலயத்துக்குப் பின்பக்கத்து ஒடுங்கிய வீதியில், தனக்கு மட்டுமே தெரிந்தது என்று ஆனந்தராசா நம்பும் ஓர் இடத்தில் வானை விட்டார். தேவாலயத்துக்குள் நீல நிறக் கூரையையும் தங்க நட்சத்திரங்களையும் காட்டினார். நோர்மா கழுத்து நோகும்வரை அண்ணாந்து பார்த்தார். வெளியே வந்து படம் எடுத்தார்கள். பனிக்காலம் அப்படியொன்றும் மோசமில்லை, வீட்டுக்குள் சூடாகத்தான் இருக்கும், தான் செய்யும் யன்னல்களுக்கு மூன்று கண்ணாடி, காற்றே வராது என்று மகளின் பக்கத்து வழக்கைத் தொடங்கினார். நோர்மா மரியாதையாகக் கேட்டார்.

திரும்பி வந்தபோது வீதியின் இரண்டு பக்கமும் தடுப்பு. தடுப்புக்கு அப்பால் சைக்கிள்கள், ஆறு பெருக்கெடுத்த மாதிரி. குழந்தைகளை முன்னால் வைத்த தகப்பன்மார், தலையில் பூ வைத்த கிழவர்கள், ஒரு சைக்கிளில் மூன்று பேர்.

விசில் போட்டுக்கொண்டு நின்ற தொண்டர் பெண்ணிடம் ஆனந்தராசா போனார். "என்ரை வான் உள்ளுக்கு நிக்குது. எடுக்கவேணும்."

"பின்னேரம் எடுக்கலாம், மெசியு."

"இந்த மூலையாலை மட்டும் விட்டால் காணும்."

"பின்னேரம், மெசியு."

அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு ரோல்ஸை நீட்டினார். அந்தப் பெண் வாங்கி ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு கடி கடித்தாள். இதை எங்கே வாங்கலாம் என்று கேட்டாள். "கடையிலை இல்லை, என்ரை மனிசி செய்தது," என்று ஆனந்தராசா நம்பிக்கையோடு சொன்னார்.

"உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்," என்றாள் அவள். "வான் பின்னேரம்."

ஆனந்தராசா நடுவீதியில் நின்றார். பின்னேரம் வரை சம்பந்தியை என்ன செய்வது? ரூர் போய்விட்டது. ரூர் போனால் மகளும் போய்விடுவாள்.

நோர்மாவோ சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "சூசையப்பர் கோயிலுக்கு நடந்து போவதற்கு எவ்வளவு நேரமாகும்?"

"நடந்தோ?" அவர் வாய் திறந்தபடி நின்றது. காரில் எவ்வளவு நேரம், எந்த ஒழுங்கையால் திரும்புவது, எங்கே காத்திருக்க வேண்டும் எல்லாம் தெரியும். நடந்து எவ்வளவு என்பதை அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அது அடுத்த மாகாணத்துக்கு நீந்துவது எவ்வளவு நேரம் என்று கேட்ட மாதிரி. "அதை ஒருத்தரும் செய்யிறேல்லை."

"அப்படியானால் நாம் செய்வோம்," என்றார் நோர்மா.

மலை எந்தப் பக்கம் என்று கேட்டார். வடக்கே என்று ஆனந்தராசா சொன்னார். வடக்கு என்றதும் நோர்மா அண்ணாந்து வெயிலைப் பார்த்தார், சந்தேகமே இல்லாமல் திரும்பினார், நடக்கத் தொடங்கினார். அந்த நடையில் அவ்வளவு உறுதி இருந்தபடியால் ஆனந்தராசாவும் பேசாமல் குளிர்ப்பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். கல் பதித்த வீதியில் அது கடகடவென்று கத்தியது. கட்டடங்களைக் கடந்தார்கள், ஒரு சதுக்கத்தைக் கடந்தார்கள், தண்டவாளத்தைக் கடந்தார்கள். திடீரென்று முன்னால் ஆறு நின்றது. பெரிய ஆறு, படகுகளோடு.

இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

"உங்கள் மலை மிகவும் ஈரமாக இருக்கிறது," என்றார் நோர்மா.

பிறகுதான் அது அவருக்கே விளங்கியது. நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருடைய ஊரில் நடுப்பகல் வெயில் வடக்கே நிற்கும். பூமிக்குக் கீழ்ப்பக்கத்தில் அப்படித்தான். வாழ்நாள் முழுவதும் வெயிலை நோக்கி நடந்து வடக்கே போனவர், இங்கேயும் வெயிலை நோக்கி நடந்து தெற்கே வந்துவிட்டார். அதை இஸ்திரி போட்ட பிரெஞ்சில் விளங்கப்படுத்தத் தொடங்கியவர் பாதியில் சிரித்துவிட்டார். ஆனந்தராசாவும் சிரித்தார். சிரித்த பிறகுதான், தான் பனிக்காலத்தைப் பற்றியும் யன்னலைப் பற்றியும் கனநேரமாகக் கதைக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

திரும்பி நடந்தார்கள். புறப்பட்ட தேவாலயத்தைக் கடந்தபோது விசில்காரப் பெண் கை காட்டினாள். இந்தத் தடவை வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு, சென்-லோறன் வீதியில் ஏறினார்கள்.

அந்த வீதியை ஆனந்தராசா நூறு தடவை குறுக்கே வெட்டியிருக்கிறார். நீளவாக்கில் போனதில்லை. சீனர் கடைத்தெருவின் அலங்கார வளைவு வந்தது. வாசலில் வாத்துகள் தொங்கிய கடைக்காரர் பெட்டிக்குள் என்னவென்று கேட்க, ஒரு வடை அவருக்குப் போனது. நோர்மா கண்டவரையெல்லாம் நிறுத்தி வழி கேட்டார். ஆனந்தராசாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. இந்த ஊரில் அவர் யாரிடமும் வழி கேட்டதில்லை. வழி சொல்லித்தான் பழக்கம்.

"உங்கடை ஊரிலையும் இப்பிடித்தானோ, ஆக்களைப் பிடிச்சுக் கேட்டுக் கேட்டுப் போவியளோ?"

"என் ஊரில் நான் கேட்பதில்லை. என்னைக் கேட்பார்கள்," என்றார் நோர்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நாடாளுமன்றத்திலிருந்து நடக்கத் தொடங்குவாராம். ஒரே நேர் வீதி, இரண்டு பக்கமும் பழைய கோப்பிக் கடைகள். நடுவில் இன்னொரு வீதி குறுக்கே வரும், உலகத்திலேயே அகலமானது என்று அவர்கள் சொல்லிக்கொள்ளும் வீதி. அதில் தள்ளி ஒரு வெள்ளைத் தூண், வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். "ஒரு பச்சை விளக்கில் அந்த வீதியைக் கடந்துவிட்டால் நீங்கள் இளைஞர். இரண்டு விளக்கு என்றால் என் வயது. மூன்று என்றால் ஒரு டாக்சியைப் பிடியுங்கள்." பிறகு இளஞ்சிவப்பு நிறத்து மாளிகை. அதற்குப் பிறகு பழைய சந்தை. அங்கே ஒரு கோப்பி குடித்துவிட்டு வீடு திரும்புவார். கணவன் இருந்த காலத்தில் இரண்டு பேராகப் போனது. இப்போதும் போகிறார்.

"வானிலை போனா உதெல்லாம் ஒரு நொடியிலை பாத்திடலாமே," என்றார் ஆனந்தராசா, விட்டுக்கொடுக்காமல்.

"பார்க்கலாம். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் உங்கள் வானில் என்ன இருக்கும்?"

அவர் யோசித்தார். "சிவப்பு லைற்."

நோர்மா நடைபாதையில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நடுவில் இருந்ததெல்லாம் இப்போது வந்துகொண்டேயிருந்தது. சுவர் முழுக்க வரைந்த முகங்கள். கல்லறைக்கு வைக்கும் கற்களை வாசலில் அடுக்கிய கடை. போர்த்துக்கீசக் கோழிக்கடையின் புகை. ஆனந்தராசா கலியாண வீடுகளுக்குப் போடும் சப்பாத்து குதிக்காலைத் தின்றபடியால் ஒரு தெப்பனேரில், அதாவது மூலைக்கடையில், பிளாஸ்ரர் வாங்கி ஒட்டினார்கள். ஆனந்தராசா சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்பாக்கிக்கொண்டார். சம்பந்திக்கு முன்னால் இப்படி நடப்பதைப் பாலாம்பிகை கண்டால் என்ன சொல்வாள் என்று நினைத்தபோது, ஏனோ இன்னும் உற்சாகமாக இருந்தது.

மலையடிக்கு வந்தபோது கொட்டுச் சத்தம் கேட்டது. உயரமான தூணின் மேல் சிறகு விரித்த தேவதை நிற்கும் அந்த இடத்தைப் போகிறபோக்கில் காட்டி, "அது ஒரு சிலை" என்று விருந்தாளிகளுக்குச் சொல்வது அவர் வழக்கம். அதன் கீழே ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தனை பேர் கொட்டு அடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஐம்பது கொட்டா, நூறு கொட்டா, எண்ண முடியவில்லை. புல்லெல்லாம் ஆட்கள். ஒரு தாத்தா வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தார்.

நோர்மா ஆடத் தொடங்கியதை ஆனந்தராசா காணாதவர் போல நின்றார். மகளின் கலியாணத்தில்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதர் அவர். நோர்மா வந்து அவருடைய ஒரு கையைப் பிடித்து இழுத்தார். மற்றக் கையில் குளிர்ப்பெட்டி. விட்டால் யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று அதையும் இழுத்துக்கொண்டே உள்ளே போனார். முதலில் தலை மட்டும் ஆடியது. பிறகு தோள். கொட்டு அவருடைய நெஞ்செலும்புக்குள் இறங்கியது. எப்போது சுற்றத் தொடங்கினார் என்று அவருக்கே தெரியாது. தேவதை சுற்றியது, மலை சுற்றியது, நீலப் பெட்டி அவரைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டது. ஆட்கள் விலகி இடம் விட்டுக் கைதட்டினார்கள்.

மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் புல்லில் விழுந்தார்கள். அவர் தேநீரை ஊற்றிக் கொடுத்தார்.

"உங்கள் மகளை நான் கொண்டுபோய்விடுவேன் என்று பயப்படுகிறீர்கள்," என்றார் நோர்மா, கோப்பையைப் பார்த்தபடி.

ஆனந்தராசாவுக்குத் தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பொய் சொல்வதற்கு நேரான தலை வேண்டும். "ஓம்," என்றார் தமிழில். பிறகு பிரெஞ்சில், "சரியான பயம்."

"எனக்கும் பயம். எனக்கு இருப்பது ஒரே ஒரு மகன். அவனைத் திரும்பி வரும்படி கேட்பதற்காகத்தான் வந்தேன்."

"கேட்டிட்டியளோ?"

"இன்னும் இல்லை." நோர்மா எழுந்து உடுப்பைத் தட்டினார். "ஊரைப் பார்த்து முடியவில்லையே."

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்றானபோது ஆனந்தராசாவுக்கு உடம்பு லேசாகிவிட்டது. மலைப்பாதை மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறியது. அணில்கள் பெட்டியை மோப்பம் பிடித்துப் பின்னால் வந்தன. அவர் தன்னுடைய ரூரின் மிகப்பெரிய துருப்புச் சீட்டை இப்போது எடுத்தார். மேலே ஒரு இடம் இருக்கிறது, அங்கே நின்றால் முழு மொன்றியலும் தெரியும், எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன், ஒலிம்பிக் மைதானத்தின் சாய்ந்த கோபுரம்வரை தெரியும் என்றார்.

பாதை முடிந்த இடத்தில் பெரிய கல் மண்டபமும் அதன் முன்னால் அரைவட்டத் திடலும் இருந்தன. ஆனந்தராசா கைப்பிடிச் சுவருக்குப் போய் வழக்கமான கையை நீட்டினார். கை நீட்டியபடியே நின்றது.

சாய்ந்த கோபுரம் இல்லை. காலுக்குக் கீழே, எட்டித் தொடலாம் போல, நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் அத்தனையும் கூட்டமாக நின்றன. அவற்றின் பின்னால் ஆறு, பாலங்கள், அதற்கும் அப்பால் தனித்தனியாக நீல மலைகள். வெயில் எல்லாக் கண்ணாடிகளிலும் அடித்துத் திரும்பியது.

"உது என்ன இடம்?" என்றார் அவர்.

நோர்மா அவரைப் பார்த்தார். "நீங்கள்தானே காட்டுவதாகச் சொன்னீர்கள்."

பக்கத்தில் நின்ற ஓர் இளம் சோடியை அவரே நிறுத்திக் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவை. கார்கள் வந்து நிற்கும் திடல் மலையின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கிருந்து மைதானம் தெரியும். நகரம் தெரிவது இங்கிருந்துதான், ஆனால் இங்கே கார் வராது, நடந்துதான் வரவேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள்.

ஆனந்தராசா சுவரில் சாய்ந்தார். பாரிஸ் மச்சான், சித்தப்பா, சுவிஸ் பெறாமக்கள், ஒரு மண்டபம் நிறைந்த சனம். அத்தனை பேருக்கும் "இதுதான் முழு மொன்றியல்" என்று மொன்றியலின் தோள்பட்டையைக் காட்டி அனுப்பியிருக்கிறார். முகத்தை எங்கேயோ விட்டுவிட்டார். அவருக்குக் கோபமோ கவலையோ வரவில்லை. வந்தது சிரிப்பு. தோள் குலுங்கியது. தொலைபேசியை எடுத்துக் கோயில் சமையலறைக்கு அடித்தார்.

"பாலா, மொன்றியல் மற்றப் பக்கமெல்லே இருக்கு."

"என்ன சொல்லுறியள்? வெயிலுக்கை நிக்கிறியளோ?"

"நான் நடந்து மலையிலை நிக்கிறன். எல்லாம் தெரியுது. ஆத்திலை கப்பலும் போகுது."

"நடந்தோ? வானுக்கு என்ன நடந்தது?" பின்னால் பாத்திரச் சத்தம். "சம்பந்திக்கு ரோல்ஸ் குடுத்தனீங்களோ?"

"ஊருக்கே குடுத்தாச்சு."

பிறகு இறங்கினார்கள். குளத்தைச் சுற்றிக்கொண்டு, கல்லறைத் தோட்டத்து மதில் ஓரமாக, கோட்-டெ-நேஜ் வீதியில் இறங்கி, பழக்கடைகளைக் கடந்து திரும்பினார்கள். நடக்க நடக்க ஆனந்தராசா ஒவ்வொரு மூலையிலும் அதிசயப்பட்டார். இதற்கு அடுத்ததாக இதுவா? இந்தக் கடைக்குப் பின்னாலா அந்த ஆஸ்பத்திரி? இருபது நிமிடம் காரில் சுற்றிப் போன இடம் இந்த ஒழுங்கைக்கு அங்காலேயா? வானில் போனபோது தனித்தனித் தீவுகளாகக் கிடந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே தரையாகிவிட்டன. கால் நோவு எங்கேயோ ஒரு தூரத்து உறவினர் போலத்தான் தெரிந்தது.

சூசையப்பர் கோயிலின் முன்னால் வந்ததும் மறுபடி நின்றார். கண்ணுக்கு முன்னால் படிகள் ஏறி ஏறிப் போயின. நடுவில் மண்டியிட்டு ஏறுவதற்கென்றே மரப்படிகள். அதில் ஒரு பெண் ஒவ்வொரு படியாக முழங்காலால் ஏறிக்கொண்டிருந்தாள். உச்சியில் பச்சைக் குவிமாடம்.

"இதுவோ வாசல்?"

நோர்மா மெதுவாகத் திரும்பினார். "இதையும் பார்த்ததில்லையா?"

"நான் மேலை கொண்டுபோய்த்தான் பார்க் பண்ணுறனான். கதவடியிலை."

நோர்மா முதற்படியில் அப்படியே இருந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்தார். ஆனந்தராசாவும் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேருக்கும் எழும்ப முடியவில்லை. பெட்டியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ரோல்ஸ். பாதி பாதியாகப் பிய்த்துத் தின்றார்கள்.

அப்படித்தான் சாம்பவியும் மார்த்தினும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்து அவர்களைக் கண்டார்கள். தகப்பனின் சப்பாத்து மடங்கிக் கிடக்கிறது, சட்டையில் புல் ஒட்டியிருக்கிறது, முகம் வெயிலில் கறுத்து மினுங்குகிறது.

"அப்பா, வான் எங்கை?"

"அது கிடக்கும்," என்றார் ஆனந்தராசா.

நோர்மா மகனைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார். ஸ்பானிய மொழியில் கதைக்கத் தொடங்கினார். ஆனந்தராசாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மலையேறிய பிறகு மறந்திருந்த திங்கட்கிழமை மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. நோர்மா கையால் மலையைக் காட்டினார், ஆற்றைக் காட்டினார், வெயிலைக் காட்டி நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு ஆனந்தராசாவைக் காட்டினார். மார்த்தின் ஏதோ திருப்பிக் கேட்டான். நோர்மா வேண்டாம் என்று கையை வீசினார். மார்த்தின் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

"என்னவாம்?" ஆனந்தராசா மகளிடம் மெல்லக் கேட்டார். ஸ்பானியம் விளங்கும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அப்பா, சொன்னா கோவிக்கக்கூடாது."

"சொல்லு பிள்ளை."

"‘நான் கேக்க வந்ததைக் கேக்கேல்லை, இனியும் கேக்கமாட்டன்’ எண்டு சொல்லுறா. ‘எனக்கு என்ரை ஊரிலை ஒவ்வொரு மூலையும் தெரியும், தனிய நடந்தாலும் நான் தனிய இல்லை. இந்த மனிசன் இத்தினை வருசமா ஒரு ஊரிலை இருந்துகொண்டு அந்த ஊரைக் காணேல்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு போனா, உவர் திரும்பவும் வானுக்கை ஏறிக் கதவைச் சாத்திப்போடுவார். அது பெரிய பாவம். நீங்கள் இஞ்சை இருந்து உவரை நடத்துங்கோ’ எண்டு சொல்லுறா." சாம்பவியின் குரல் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் தடுக்கியது. "உங்களுக்கு ஊர் தெரியாதபடியாலை நாங்கள் இஞ்சை இருக்கலாமாம் அப்பா."

ஊர் தெரியாது என்று ஆனந்தராசாவைப் பார்த்து ஒருவரும் சொன்னதில்லை. வேறு யாராவது வேறு ஒருநாள் சொல்லியிருந்தால் அவர் அந்த ஆளோடு கதைப்பதையே நிறுத்தியிருப்பார். இப்போது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நின்ற இடத்தில் தலை லேசாகச் சுற்றியது.

"ஓம்," என்றார். "எனக்கு ஒண்டும் தெரியாது."

அதை நோர்மாவுக்காகப் பிரெஞ்சிலும் சொன்னார், வேண்டிய அளவைவிடச் சத்தமாக. படியில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த வீதி எங்கே போகிறது?" என்று நோர்மா பரீட்சை வைப்பவர் போல ஒரு பக்கம் காட்டினார்.

"தெரியாது."

"அந்த வீதி?"

"அதுவும் தெரியாது."

"அந்தச் சிவப்புக் கூரைக்குப் பின்னால்?"

"சத்தியமாத் தெரியாது," என்றார் ஆனந்தராசா. மகள் அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவர் விரலை நீட்டி இன்னும் இன்னும் திசைகளைக் காட்டி, தெரியாத இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சம்பந்திக்குச் சொல்லிக்கொண்டே போனார்.